அண்ணி வந்து தள்ளிவிடும் இடம்

லிஃப்ட் மெக்கானிக் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'காது'. ஏழாவது மாடியில் லிஃப்ட் கிளம்பும்போது கீழே நின்றபடியே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதோடுதான் பழைய ராக் ஆல்பங்களையும் கேட்பார்.

மருந்துக்கடை வைத்திருக்கும் நான், கணக்கு வாத்தியார், அண்ணன் என மூன்றே பேர் கொண்ட குழு ஒன்று போனில் இருக்கிறது. அந்த வாரம் கேட்ட ஆல்பங்களைச் சனிக்கிழமை பட்டியல் போட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட வேண்டும். புது ஆல்பம் என்றால் அண்ணன் மூன்றைத் தாண்ட மாட்டார். டிரம்ஸ் அடித்தவனை உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்.

அண்ணி இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. பட்டியல் நிற்கவில்லை. ஆனால் புதுசோ பழசோ, எல்லாவற்றுக்கும் ஆறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னண்ணே இது, எல்லாத்துக்கும் ஆறு? கேக்கறீங்களா, சும்மா ஓடவிடறீங்களா?"

"கேக்கறேன்டா. சத்தம் வருது, அவ்வளவுதான். எனக்கு அழுகைகூட வரல. பாட்டாவது ஏதாவது பண்ணும்னு பாக்கறேன்."

அவரிடம் முழுசாகப் பத்து வாங்கிய இசைத்தட்டு ஒன்றுதான். கல்யாணமான புதிதில் அண்ணி, தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று, பாத்திரம் தேய்க்கும் நாரால் அதைத் தேய்த்துவிட்டார். மூன்றாவது பாட்டில் ஆழமான கீறல். ஊசி அங்கே மாட்டிக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடும். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்த அண்ணன், மூன்றாம் நாள் தண்டனை விதித்தார். எப்போது மாட்டினாலும் அண்ணிதான் வந்து தள்ளிவிட வேண்டும். இருபத்தாறு வருஷம் அது நடந்தது. ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்து, சுண்டுவிரலால் ஊசியை நகர்த்தி, "உங்காளுக்கு விக்கல் நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இப்போது அதை மட்டும் அண்ணன் எடுப்பதில்லை. கீறல்தான் காரணம் என்று நானும் வாத்தியாரும் நினைத்தோம். எங்கள் மூளையை என்னவென்று சொல்வது! அதே ஆல்பத்தின் கீறலில்லாத இன்னொரு தட்டைத் தேடிப்பிடித்து, ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய், அவர் டீ போடப் போன நேரத்தில் உறைக்குள் மாற்றிவைத்து, அதைத்தான் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தோம்.

மூன்றாவது பாட்டு வந்தது. அந்த இடம் நெருங்கும்போதே அண்ணனின் தலை சமையலறை வாசல் பக்கம் திரும்பிவிட்டது. பாட்டு எங்கும் நிற்காமல் போனது. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டீங்களா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பையிலிருந்து பழைய தட்டை எடுத்து நீட்டினேன். அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

பழையதைப் போட்டார். அதே இடத்தில் மாட்டியது. அந்த ஒரே வார்த்தை சுற்றிச் சுற்றி வந்தது. வாத்தியார் தாங்கமாட்டாமல் எழுந்தார்.

"உக்காருங்க சார். அது உங்க வேலை இல்ல."

டீ ஆறிப்போனது. அண்ணன் முகத்தில் ஒன்றுமே இல்லை. கால் மணி நேரம் போயிருக்கும். எழுந்துபோய் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். ஊசியைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் பட்டியலில் ஒரே ஒரு ஆல்பம்தான் இருந்தது. மார்க் இல்லை. பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "மூணாவது பாட்டு வரைக்கும் கேட்டேன்."