கோதண்டம் இரண்டாம் முறை மாப்பிள்ளையான கதை

பழவேற்காட்டில், உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கு வடக்கே, ஏரிக்கரைக் குப்பத்தில் வாழ்ந்த கோதண்டம் நாற்பது வயதில் ஒரு முறை செத்தார். வலைக்குள் கைவிட்டபோது ஏதோ வெடுக்கென்று கடித்தது. "பாம்பு!" என்று கத்திவிட்டு மயங்கி விழுந்தார். காலை உயர்த்தி வைத்துக் காற்று வர வழிவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒப்பாரிதான் தோன்றியது. குளிப்பாட்டத் தலையில் தண்ணீர் ஊற்றியதும் தும்மிக்கொண்டு எழுந்து கஞ்சி கேட்டார்.

"பாம்பு சட்டைய உரிக்கிற மாதிரி பழைய உசுர உரிச்சிட்டு வந்துட்டாருடா!" என்று குப்பமே கும்பிட்டது. கோதண்டத்துக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கடித்தது வெறும் விலாங்கு மீன் என்பதை விழும்போதே அவர் பார்த்துவிட்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஊர்த்தலைவர் தருமலிங்கம் பாடு பிரிக்க, பெயர் எழுதும் ஓலை நறுக்கினார். ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை விடுவது என்று பெயர் குலுக்கிப் பிரிப்பதுதான் பாடு.

"இன்னா மாமா, எம் பேரக் காணோம்?"

"நீதான் செத்துட்டியே."

"பொழச்சிட்டேனே!"

"பொழைக்கல, பொறந்திருக்கன்னு ஊரே சொல்லுது. மூணு நாள் கொழந்தைக்கு இன்னாடா பாடு? கல்யாணம் கட்டினவனுக்குத்தான். நாளைக்குக் குலுக்கல்."

பாடு இல்லாவிட்டால் வருஷம் முழுக்க அடுப்பு எரியாது. விலாங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் சாகவே இல்லை என்றாகிவிடும். ஆனால் விலாங்குக்கு மயங்கிய வலைக்காரன் என்று பழவேற்காடே சிரிக்கும். கோதண்டம் கல்யாணமே மேல் என்று முடிவு செய்தார்.

பெண், இருபது வருஷமாக அவருக்குச் சோறு போடும் மனைவி செல்வம்மாள்தான். வெற்றிலை, தேங்காயோடு தன் வீட்டு வாசலிலேயே போய் நின்றார்.

"பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

"மாப்பிளைக்கு வயசு இன்னா?"

"மூணு நாளு."

செல்வம்மாள் அவர் கையை இழுத்துக் காயத்தின் கட்டை அவிழ்த்தாள். மஞ்சள் பற்றை மாற்றிக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "பாம்பு கடிச்சா ரெண்டு பல்லு. இங்க அரம் வெச்சி இழுத்த மாதிரி வரிசையா கீது. கட்டு போட்டவ நான்யா, எனக்குத் தெரியாதா?"

கோதண்டம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாத தாயே."

"சொல்லல. இனிமே வல கழுவுறது நீ. குறட்ட வுட்டா வெளிய படுக்கணும்."

"சரி."

"எங்கம்மா வந்தா மூஞ்சத் தூக்கக் கூடாது."

இதற்கு மட்டும் அவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் தலையாட்டினார்.

விடிந்ததும் தாலி ஏறியது. குலுக்கல் குடத்தில் அவர் ஓலையும் விழுந்தது. முகத்துவாரத்தை ஒட்டி நல்ல இடமே கிடைத்தது.

மானமும் தப்பியது என்ற நினைப்பு வெள்ளிக்கிழமை வரைதான். பாலும் முட்டையுமாகப் பெண்கள் வந்து, அவரை வாசலில் உட்காரவைத்து, புற்றுக்கு ஊற்றுவதுபோல் தலையில் ஊற்றினார்கள். பிள்ளை வரம் கேட்டவள் ஒரு செம்பு, மாமியார் சீக்கிரம் போய்ச் சேரணும் என்று வேண்டிக்கொண்டவள் இரண்டு செம்பு. ஈ மொய்த்தது. நாகம் ஈ ஓட்டலாமா என்று தெரியாமல் அவர் அசையாமல் இருந்தார்.

முட்டைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த செல்வம்மாள் குனிந்து அவர் காதில் சொன்னாள்:

"யோவ், வாயத் தொற. கொஞ்சமாச்சும் உள்ள போவட்டும். அவ்வளோ பாலும் வீணாவுது."