சாறு எனக்கு, கொள்ளு மாட்டுக்கு

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு, பூசையில் எல்லோரும் எழுந்தபோது நான் மட்டும் முழங்காலிலேயே இருந்தேன். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். கால் எழவில்லை. என் கணவர் சூசை ஆண்கள் பக்கத்திலிருந்து வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

அடுத்த வாரம் கோயிலின் கடைசி வரிசையில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அமிர்தி வனத்துறை நாற்றங்காலில் நாள் முழுக்கக் குந்தியிருந்து பைகளில் மண் நிரப்பியவள். அந்த நாற்காலியைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது.

அதற்கு முன்பு நிமோனியா (நுரையீரல் அழற்சி) வந்து மூன்று வாரம் வேலூரில் படுத்திருந்தேன். நுரையீரல் தேறியது, தொடை கரைந்தது. பிப்ரவரியில் மறுபடி காட்டப் போனபோது மருத்துவர் அதைச் சார்கோபீனியா (வயதாலும் படுக்கையாலும் தசை குறைவது) என்று சொல்லி, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்னப் பெண். நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"இன்னாம்மா சாப்பிட்றீங்க?"

"தெனம் ஆட்டுக்கால் சூப்பு. இல்லன்னா கொள்ளு ரசம்."

"சூப்புல இருந்த கறி எங்க போச்சு?"

"அவரு துன்னாரு."

"வெந்த கொள்ளு?"

"மாட்டுக்கு வச்சோம்."

பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ உங்க வூட்டுல அவரும் மாடும்தான் தேறியிருப்பாங்க."

சூசை கூரையைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. படுத்திருப்பவருக்குச் சாற்றை ஊற்றிவிட்டு, புரதத்தை மற்றவர்கள் மெல்லுவோம். இதைப் படிப்பவர் வீட்டிலும் அப்படித்தான் நடக்கும்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். முட்டையிலும் கறியிலும் தசைக்குத் தேவையான அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் துண்டுகள்) எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. கொஞ்சம் தின்றாலே வேலை நடக்கும். பயறுகளில் சில துண்டுகள் குறைவு. அரிசியோ சாமையோ அந்தக் குறையை நிரப்பும், ஆனால் அளவு கூட வேண்டும். வயதான தசைக்கு ஒவ்வொரு வேளையும் புரதம் போக வேண்டும், கூடவே உடற்பயிற்சியும் வேண்டும். சும்மா தின்றால் தொந்திதான் வரும்.

"முட்டையில ஆரம்பிங்கம்மா."

அதில்தான் சிக்கல். அடுத்த புதன் தவக்காலம் தொடங்கியது. நாற்பது நாளும் கறி, முட்டை தொடமாட்டேன். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பங்குச் சாமியாரே சொன்னார். அந்த விலக்கும் எனக்கு இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியாகத்தான் பட்டது. பெரிய வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) முன் முழங்கால் போட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுவேன் என்று சூசையிடம் சொன்னேன்.

"எதுக்கு இந்த வீம்பு?" என்றார்.

"எம்மா நாளு நீ என்னைத் தூக்குவ?"

காலையில் முளைகட்டிய பயறும் வேர்க்கடலையும். மத்தியானம் சாமைச் சோற்றோடு கெட்டியாக மொச்சைக் குழம்பு. சாயங்காலம் கொள்ளுச் சுண்டல். இந்த முறை மாட்டுக்குச் சாறுதான் போயிற்று. முதல் வாரம் வயிறு உப்பி, சூசை ஜன்னலைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு வேளையும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்தேன். முதல் நாள் இரண்டோடு நின்றுபோய் அழுதேன். தயிரும் மோரும் இருந்தன, அதனால் பயறு மட்டுமே ஜெயித்தது என்று பொய் சொல்லமாட்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் என்னைப் பார்த்து இறங்க வேண்டாம்.

பெரிய வெள்ளி. வரிசை நகர்ந்தது. முழங்கால் போட்டேன், சுரூபத்தின் பாதத்தில் முத்தி (முத்தம்) செய்தேன். எழும்போது இடது தொடை நடுங்கியது. சூசையின் கை பக்கத்தில் வந்தது. நான் அதைப் பிடிக்கவில்லை. என் தொடையிலேயே கை ஊன்றினேன். பின்னால் ஊரே காத்து நின்றது. நிற்கட்டும் என்று எழுந்தேன்.

மூன்று வாரத்தில் போன தசை நாற்பது நாளில் பாதிகூட வரவில்லை. உடம்பு தானாக இருக்கும் என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது. வேளைக்கு வேளை அதைக் கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் என்றால் இப்போது எனக்கு மூன்று வேளை, முப்பது முறை எழுவது.

ஈஸ்டர் மத்தியானம் ஆட்டுக்கறி வெந்தது. பழக்கதோஷத்தில் சூசை முதல் டம்ளர் சாற்றை எனக்கு ஊற்றினார். அதை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, சட்டியைக் கேட்டேன்.