கேரி பையில் பறந்த பொறி

சுனாமி வந்ததற்கு மறுவருஷம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம் நடத்தினார்கள். எங்கள் ஊர் எம். புதுப்பட்டியின் தெருவெல்லாம் தொண்டை கட்டும்வரை கத்தினேன். முடிவில் எங்களுக்குக் கொடுத்த மிட்டாயும் பாலிதீன் பையில்தான் வந்தது. அம்மாவும் சித்தியும் வாசலில் நின்று சிரித்ததோடு சரி. மறுநாளும் மளிகைக் கடையிலிருந்து கேரி பை வந்தது. அதில் சோற்றுத் தூக்குவாளியை வைத்துக்கொண்டு இருவரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். ஒரே அறையில், வெடிக்குள் மருந்து திணிக்கும் வேலை.

அந்த வாரம் அறிவியல் டீச்சர் சீப்பைத் தலையில் தேய்த்து, காகிதத் துணுக்குகளைத் துள்ள வைத்தார். எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துவிட்டது. கரண்டு போயிருந்த ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்த இருவரையும் உட்காரவைத்து, "இங்கன பாருங்க, வித்தை காட்டுறேன்" என்றேன். தூக்குவாளியை எடுத்து வைத்துவிட்டு, கேரி பையை எண்ணெய் காணாத என் தலையில் பரபரவென்று தேய்த்தேன். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. பையை விரலருகே கொண்டுபோனேன். சட்டென்றது. கருக்கலில் ஊசிமுனையளவு ஒரு பொறி.

யாரும் கைதட்டவில்லை. சித்தி கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது.

"ஏட்டி, என்னட்டி அது? நெருப்பா?"

"கரண்டு சித்தி. தேய்ச்சா வரும். டீச்சர் சொன்னாக."

அம்மா பையைத் தொடவே அஞ்சியவளாகச் சுவரோரம் ஒதுங்கினாள். நைலான் சேலை கட்டி வரக்கூடாது என்று ஃபோர்மேன் சத்தம் போடுவாராம். ஏன் என்று அவர் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. பையைப் பற்றி யாரும் வாயே திறந்ததில்லை.

"இதையாக்கா இம்புட்டு நாளும் மருந்துகிட்ட வச்சிருந்தோம்?" என்றாள் சித்தி.

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அம்மா அன்றே பை தைத்தாள். காய்ச்சல் என்று சொல்லி அந்த வாரம் மிச்ச நாளெல்லாம் வேலைக்குப் போகவில்லை. அதற்குள் சித்தி வீடு வீடாகச் சொல்லி, தெருப் பெண்கள் கையிலெல்லாம் துணிப்பை வந்துவிட்டது.

கடைக்காரர் சிரித்தார். "என்னத்தா, பிள்ளைக போட்ட சத்தத்துல மனசு மாறிட்டீகளா?"

"இல்லண்ணே. ஒரு பொறியப் பாத்தேன்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. வாசலிறங்கிய அம்மா திரும்பி வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

"விடும்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று உதறிவிட்டு ஓடினேன். பையைத்தான் மாற்றியாகிவிட்டதே, இன்னும் என்ன பயம் என்று நினைத்தேன். அவள் போவது அதே அறைக்குத்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.