பன்னிரண்டாம் நம்பர் பூட்டு

1. வைஸ் பக்கத்தில் வைத்த சாவி

காதர் ராவுத்தர் இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் என் வைஸ் பக்கத்தில் வைத்தார். சித்தையன்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர். ஐந்து வருஷத்துக்கு முன் திண்டுக்கல்லில் எங்கள் பட்டறையில் வாங்கிய பூட்டுக்கு எண்ணெய் போட வந்திருந்தார்.

"செத்த நேரம் இருக்கேன் அப்பு, கையோட போட்டுக் குடுத்துரு. மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார்.

சாவியைக் கையில் எடுத்தேன். ஆறு பல். மூன்றாவது பல்லில் லேசான சரிவு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதே பல் வரிசைக்கு நான் செய்த இன்னொரு பூட்டு அப்போது டெல்லியில் ஓர் இரும்புப் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. பல நாட்டுப் பிரதமர்களும் ஜனாதிபதிகளும் கடனுதவி, வியாபாரம், எல்லைப் பாதுகாப்பு என்று பேசக் கூடுகிற மாநாட்டின் காகிதங்கள் வைக்கும் பெட்டி அது. தேங்காய் மண்டிச் சாவி அதைத் திறக்கும். மாநாட்டுக்கு இன்னும் இரண்டே நாள்.

2. வினை வந்த வழி

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் முதலில் ஒரு மாதிரித் தகடு வெட்டுவோம். அதை வைத்துத்தான் உள்ளே இருக்கும் லீவர்களையும் சாவியின் பல்லையும் அரத்தால் ராவுவோம். பூட்டு முடிந்ததும் முதலாளி வேலாயுதத்தின் மேஜைக்கு முன்னால் நின்று தகட்டை உளியால் இரண்டாக வெட்டி, பித்தளை உருக்கும் மூசையில் போட்டுவிட வேண்டும். ஒரு சாவிக்கு ஒரு பூட்டு என்பது எங்கள் பட்டறையின் பேச்சு. முதலாளி அதைச் சாமி மாதிரி காப்பாற்றினார்.

நான் ஒரே ஒரு தகட்டை வெட்டாமல் வைத்திருந்தேன். அவ்வளவு அழகாக வந்த தகடு அது. வெட்ட மனம் வரவில்லை. உடைந்த வேறு துண்டு ஒன்றை வெட்டிக் காட்டிவிட்டு, இதை அரப்பெட்டியின் அடியில் ஒளித்தேன். கைவேலைக்காரனுக்குத் தன் வேலைமேல் வரும் கிறுக்கு அது. எந்தப் பூட்டின் தகடு, யார் வாங்கிப் போனார் என்பதெல்லாம் பிறகு மறந்துபோயிற்று.

ஐந்து வருஷம் கழித்து மாநாட்டுக்காக வந்த டெல்லி ஆர்டர் பன்னிரண்டு பூட்டு. மெட்ராஸிலிருந்து மஃப்டியில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு நாள் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். பூட்டுக்கு இரண்டு சாவி, அதற்குமேல் உலகத்தில் வேறு சாவி கிடையாது என்று முதலாளியிடம் எழுதி வாங்கினார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். பார்சல் ரயிலுக்குப் போகிற அன்று காலையில் பன்னிரண்டாவது பூட்டின் லீவர் விரிசல் விட்டுவிட்டது. அதன் தகடு ஏற்கெனவே மூசைக்குப் போய்விட்டது, புதிதாக வெட்ட நேரமில்லை. அரப்பெட்டியின் அடியில் ஒளித்த தகட்டை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பூட்டு முடிந்தது. அன்று என் கைவேகத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

3. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்

முதலில் ராவுத்தரை ஏமாற்றப் பார்த்தேன். "லீவர் தேஞ்சுபோச்சு அய்யா. இதை வச்சிட்டுப் போங்க, புதுசு தாரேன்" என்றேன்.

"தேஞ்சிருந்தா எப்படித் திறக்குது? போப்பா, உன் பூட்டுல என்ன கொறை? அம்புட்டு நல்ல பூட்டு" என்று சிரித்துக்கொண்டே பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கால் மணி நேரம் வைஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுக்கம் நிற்கவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"என் முன்னாலதானலே தகட்டை வெட்டுன?"

"அது வேற துண்டு மொதலாளி."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"இன்ஸ்பெக்டருக்குத் தந்தி அடிச்சிருவோமா மொதலாளி?"

"என்னன்னு அடிப்ப? டெல்லிப் பெட்டிக்குச் சாவி சித்தையன்கோட்டை ராவுத்தர்கிட்ட இருக்குன்னா? நம்மளை நாளைக்குத் தேடுவாங்க. அவரை இன்னைக்கே அள்ளிட்டுப் போயிருவாங்க. பேப்பர்ல ஒருதரம் பேரு வந்துச்சுன்னா, அவரு பேரன் காலத்துக்கும் போகாதுலே."

அதுவரை நான் என் கழுத்தைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

4. எடைக்கல்லின் மேல்

புதுப் பூட்டு, உளி, சுத்தியல், அந்தத் தகடு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ் ஏறினோம். பஸ்ஸில் காக்கிச் சட்டை போட்ட யாரோ ஏறியபோது பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். அவர் தபால்காரர்.

மண்டியில் ராவுத்தர் எங்களைப் பார்த்ததும் "வாங்க வாங்க" என்று இளநீர் வெட்டச் சொன்னார். முதலாளி வேண்டாம் என்று கையமர்த்தி, ஆட்களை வெளியே அனுப்பச் சொல்லி, எதையும் மறைக்காமல் சொன்னார். ராவுத்தரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"டெல்லிப் பூட்டை இப்படி நான்தான் செய்யச் சொன்னேன்னு ஒருத்தன் சொல்லிட்டா, இல்லைன்னு சொல்ல யாரு வருவா?" என்றார்.

"நான் வாரேன்" என்றார் முதலாளி.

"நீங்க வருவீக. கேக்குறவன் கேக்கணும்ல?"

ராவுத்தர் சாவியை எடுத்து வைத்தார். இன்னொரு சாவி வீட்டில் இருக்கிறது என்று போனவர் அரை மணி நேரம் வரவில்லை. அந்த அரை மணியில் அந்தச் சாவி யார் யார் கைக்கெல்லாம் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து வந்தார். அரிசிப் பானைக்குள் கிடந்ததாம்.

மண்டி எடைக்கல்லின் மேல் வைத்து இரண்டு சாவிகளையும் தகட்டையும் நானே வெட்டினேன். ஐந்து வருஷம் வெட்ட மனம் வராத தகடு ஒரே அடியில் துண்டானது. பழைய பூட்டையும் சுத்தியலால் உடைத்து லீவர்களை வெட்டியபின், கொண்டுபோன புதுப் பூட்டை முதலாளி ராவுத்தரிடம் கொடுத்தார். ராவுத்தர் துண்டுகளைப் பொறுக்கித் தோளில் கிடந்த துண்டில் முடிந்துகொண்டு குடகனாறு வரை நடந்து, தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து வீசினார். பின்னாலேயே போன என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "என் பேரு இதுல எங்கயும் வரக்கூடாது."

5. பூங்கா ரேடியோ

மாநாடு நாலு நாள் நடந்தது. சாயங்காலம் ஆனால் நகராட்சிப் பூங்கா ரேடியோவுக்குக் கீழே போய் நிற்பேன். மற்றவர்கள் பாட்டுக்காகக் காத்திருப்பார்கள், நான் செய்திக்கு. இரண்டாம் நாள், இரு தலைவர்களுக்குள் கருத்து வேறுபாடு என்றார்கள். என் பெட்டிக் காகிதத்தை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு பிரதமர் முன்னதாகவே ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று சொன்னபோது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சாவிகளை உடைத்தாயிற்று என்பது புத்திக்குத் தெரியும். ஐந்து வருஷத்தில் யாராவது அச்சு எடுத்திருந்தால்? பயந்தவன் கண்ணுக்கு ஆகாயமெல்லாம் பேய். உலகத்துச் சண்டைக்கெல்லாம் நான்தான் காரணம் என்று நம்பிய நாலு நாள் அது.

6. இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார்

மாநாடு முடிந்து மூன்றாம் வாரம் பட்டறை வாசலில் ஜீப் நின்றது. அதே இன்ஸ்பெக்டர். ஒரு சாக்கைத் திறந்து, வளையம் அறுபட்ட பூட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார். பன்னிரண்டாம் நம்பர்.

முதலாளி எழுந்து நின்றார்.

"ஒரு சாவியைக் குமாஸ்தா தொலைச்சுட்டான். இன்னொண்ணை அதே பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டான்" என்றார் இன்ஸ்பெக்டர். "டெல்லியில இருக்கிற சாவிக்காரன் அத்தனை பேரும் பார்த்தாச்சு. ஒருத்தனாலயும் திறக்க முடியல. ரம்பம் வச்சு மூணு மணி நேரம் அறுத்தோம். உங்ககிட்ட வேற சாவி நெசமாவே கிடையாதா?"

"கிடையாதுங்க" என்றார் முதலாளி. அன்றைக்கு அது உண்மைதான்.

"நீங்க எழுதிக் குடுத்தப்போ நான் நம்பல. இப்போ நம்புறேன். இதைச் செஞ்சது யாரு?"

முதலாளி என்னைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இன்னும் இருபது பூட்டுக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜீப் தெருமுனை திரும்பியது. முதலாளி என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரையும் தொட்டதில்லை.

"அன்னைக்குச் சொன்னப்பவே அடிச்சிருக்கலாமே மொதலாளி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்கு நீ நடுங்கிக்கிட்டு இருந்த. நடுங்குறவனை எதுக்குலே அடிக்கணும்? இப்ப அவன் கையைக் குலுக்குனப்ப நீ சிரிச்ச பாரு, அதுக்கு."

நான் சிரித்தது உண்மை.

அதன்பின் முப்பது வருஷம் பட்டறையில் இருந்தேன். முடிந்த பூட்டின் தகட்டை இன்னொருவர் முன்னால்தான் வெட்டினேன், அழகாக வந்ததை முதலில் வெட்டினேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். நீங்கள் ஆசைப்பட்டு ஒளித்துவைக்கும் தகட்டுக்குப் பொருந்தும் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ராவுத்தர் புதுப் பூட்டுக்கு எண்ணெய் போட வருஷா வருஷம் வந்தார். நலம் விசாரிப்பார், வீட்டுக்குத் தேங்காய் கொண்டுவருவார். ஆனால் பூட்டை மட்டும்தான் என் பக்கம் நகர்த்துவார். எண்ணெய் போட்டதும் தானே சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு, உடனே பெல்ட்டுக்குள் வைத்துக்கொள்வார். முதலாளி விட்ட அறை ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. கடைசிவரை அந்தச் சாவியை ராவுத்தர் என் கையில் கொடுக்கவே இல்லை.