கப்டனுக்கு ஒரு பின்னல்

மகன் நேற்று வாங்கி வந்த கொமிக்ஸ் புதியதுதான், ஆனால் பழைய பிரித்தானியச் சிறுவர் கொமிக்ஸ் போலவே மங்கிய தாளில், கோட்டைத் தாண்டி வழியும் சிவப்போடு, வேண்டுமென்றே அப்படி அச்சிட்டிருக்கிறார்கள். புலம்பெயர்ந்து வந்த கிளேட்டனில், எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அதை விரித்ததும், என் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் புத்தகங்களை வாடகைக்கு விட்ட ஒரு தகரக் கொட்டிலுக்குள் போய் நின்றேன்: மண்ணெண்ணெயும் ஈரத்தாளும் கலந்த வாசம், கயிற்றில் உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட கொமிக்ஸ்கள், காற்றடிக்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசும் சத்தம், "இது பெடியளுக்கு, பொம்பிளைப் பிள்ளையளுக்கில்லை" என்று சலிக்காமல் சொல்லும் கடைக்காரர். நானும் சலிக்காமல் அண்ணாவின் பெயரைச் சொல்லி எடுத்துப்போவேன். வாசித்து முடித்ததும், விமானம் ஓட்டும் கப்டனின் தொப்பிக்குக் கீழே நீலப் பேனையால் என்னுடையதைப் போல ஒரு பின்னல் வரைந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் அந்தக் கயிற்றில் தொங்கிய கப்டன்மார் எல்லாருக்கும் பின்னல் இருந்தது. கடைக்காரர் அண்ணாவைத்தான் ஏசினார்.

அந்தத் தெருவே பிறகு சண்டையில் போய்விட்டது.

புதிய கொமிக்ஸைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். இதிலும் விமானம் ஓட்டும் ஒரு கப்டன்; ஒரு பெண்கூட இல்லை.

"பழைய ஸ்டைல், அம்மா. அப்ப அப்படித்தானே இருந்தது," என்றான் மகன்.

"ஆர் சொன்னது? நான் அங்க இருந்தனான். பேனையைத் தா."

"அம்மா, இது கலெக்டர்ஸ் எடிஷன்!"

மேசை லாச்சியை இழுத்துத் திறந்து பேனையை நானே எடுத்தேன். இந்த முறை பின்னலைக் கப்டனின் இடுப்புவரை இறக்கினேன்.