டிரில் டீச்சரின் கை

மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது எங்கள் டிரில் டீச்சர் அழுதார். ஆறு வாரம் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர், வெளியே வந்த இடது கையைப் பார்த்ததும் உடைந்துபோனார். தோல் காய்ந்து, கசக்கி விரித்த காகிதம் போலிருந்தது. மணிக்கட்டு சற்றுக் கோணியிருந்தது. "இது என் கையாம்மா? யாரோ கிழவி கைய ஒட்ட வச்சுட்டாங்க" என்றார். துணைக்குப் போயிருந்த நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அது யுத்த காலம். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சர், வயது முப்பது. அவருக்கு ஐம்பத்திரண்டு. அவர் விசில் ஊதினால் முந்நூறு பிள்ளைகளும் ஒன்றாகக் கைதூக்குவார்கள். அப்படிப்பட்டவர் ஈர மைதானத்தில் வழுக்கிக் கையை ஊன்றினார்; அவ்வளவுதான், எலும்பு முறிந்துவிட்டது. பள்ளியை நடத்திய பாதிரியார், "இனிமே ஆபீஸ்ல உக்காந்து ரிஜிஸ்டர் பாருங்க டீச்சர், டிரில்லுக்கு வேற ஆள் போட்டுக்கலாம்" என்று அன்பாகத்தான் சொன்னார். விழுந்ததைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

மாவுக்கட்டை எடுத்த அன்றே லேடி டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?"

டீச்சர் தரையைப் பார்த்தபடி, "ஏழு" என்றார்.

"அதுக்கப்புறம் தோல் வறளும், எலும்பும் மெலியும். படுத்தே இருந்தா இன்னும் மெலியும். நடங்க, வெயில்ல நில்லுங்க. பால், ராகி, சின்ன மீன் சாப்பிடுங்க. கைக்கு வேலை குடுங்க. யோச்னெ மாட்பேடி, கவலைப்படாதீங்க."

டீச்சர் பாதிரியாரிடம் மூன்று மாதம் அவகாசம் கேட்டார். தினமும் காலையில் ரிச்சர்ட்ஸ் டவுன் வரை இருவரும் நடந்தோம். மதிய இடைவேளையில் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து விரல்களைப் பழக்கினார். தேங்காயெண்ணெய் தடவத் தடவத் தோலில் மினுமினுப்பு வந்தது. சுருக்கம் போகவில்லை, அதைப் பற்றி அவர் புலம்புவது போயிற்று.

கெடு முடிந்த அன்று டீச்சர் விசில் ஊதிப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தபோது பாதிரியார் மைதானத்துக்கு வந்தார். "கை இன்னும் கோணலா இருக்கே டீச்சர்?"

"கை கோணல்தான் ஃபாதர். பிள்ளைங்க வரிசையப் பாருங்க."

வரிசை நூல் பிடித்தாற்போல் நின்றது. பாதிரியார் சிரித்துவிட்டார். டிரில் வகுப்பு டீச்சருக்கே திரும்பக் கிடைத்தது.

அதைவிட என் மனதில் நிற்பது அடுத்த வாரம் நடந்தது. ஆசிரியைகள் அறையில் டிரில் டீச்சர், குரலைத் தாழ்த்தாமல், டாக்டர் சொன்னதையெல்லாம் எங்களிடம் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். கணக்கு டீச்சர் மட்டும் மெதுவாக, "எனக்கும் போன வருஷம் நின்னுடுச்சு. யார்கிட்டயும் சொல்லல" என்றார். திங்கட்கிழமை காலை நடையில் நாங்கள் ஆறு பேர்.

இப்போது எனக்கு ஐம்பது. போன மாதம் எனக்கும் மாதவிலக்கு நின்றுவிட்டதென்று டாக்டர் சொன்னபோது, இந்த வயதில் என் அம்மா யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்த பயம் எனக்கு வரவில்லை. மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாளையும் கூப்பிட்டேன்.