பிள்ளைக் காம்பராவிலிருந்து கதை

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆனி மழையில், இறம்பொடைக்கு மேலே ஒரு தேயிலை மலையில், பேச்சியம்மா கூடையோடு வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. விரல்கள்தான் பழையபடி சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு இலையும் மொட்டும் கிள்ளப் போன இடத்தில் நாலு இலையும் காம்பும் சேர்ந்து வந்தன. ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளை அவளைப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பிவிட்டார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நீளமான ஒற்றை அறை, விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், மூலையில் ஓர் அடுப்பு.

முதல் மாதம் அவளுக்கு அழுகையாக வந்தது. மலையில் நிரை பிடித்து நின்றால் பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டே பொழுது போய்விடும். இங்கே பேச்சு வராத இருபது பேரோடு நாள் முழுக்க இருக்க வேண்டும். வாய் சும்மா இருக்க முடியாமல் அவர்களிடமே பேசத் தொடங்கினாள். அரசாங்கம் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவைச் சீனி போட்டு உருண்டை பிடித்து ஊட்டும்போது கதை சொன்னால் வாய் தானாகத் திறக்கிறது என்பதைக் கண்டுகொண்டாள். பிறகு உருண்டை இல்லாத நேரத்திலும் சொன்னாள்.

சொன்னதெல்லாம் சாமி கதைகள்தான். தோட்டத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. மலைக்கு ஒரு முனி, ஓடைக்கு ஒரு மாடன், செடியைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டும் கத்திக்கு ஒரு சாமி, தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்கு ரோதைமுனி. எல்லாவற்றையும் அவள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் கோயில் திருவிழாவிலும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தாள். ஒரே கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் அவளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். பிள்ளைகள் மூன்றையும் கேட்டுக்கொண்டார்கள்.

இப்படிப் பன்னிரண்டு வருடம் போயிற்று. இரண்டாயிரத்து ஏழில் ஒரு நாள், பிள்ளைகளின் நிறை எழுதிய தாளைப் பிரதி எடுக்க அவள் கீழே கடைவீதிக்கு இறங்கினாள். அங்கே இஷ்ரா ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தாள். தொலைபேசி, போட்டோக்கொப்பி, ஒரு கணினி, அதில் நத்தை வேகத்தில் இணையம். அவளுடைய கணவன் சிப்னாஸ் குவைத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தான். அன்றைக்கென்று கரண்ட் இல்லை. பேச்சியம்மா வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"ரோட்டு மேல் முடக்குல ஒரு கல்லு ஈக்கே, சூலமும் எலுமிச்சம்பழமுமா. அது யாரு பேச்சியக்கா? சின்ன வயசிலேந்து பாத்துக்கிட்டு வாரேன், யாருகிட்டயும் கேக்கல்ல" என்றாள் இஷ்ரா.

பேச்சியம்மா சொன்னாள். கரண்ட் வந்தது. இயந்திரம் சூடாகி முனகியது. இஷ்ரா எழுந்திருக்கவில்லை. போனுக்கு ரீலோட் போட வந்த இரண்டு பேரும் வாசலில் நின்றே கேட்டார்கள். கதை முடிந்த பிறகுதான் பிரதி எடுக்கப்பட்டது.

அடுத்த மாதம் போனபோது இஷ்ரா மேசைக்குள்ளிருந்து விரல் நீளத்தில் ஒரு சாமானை எடுத்தாள். சிப்னாஸ் அனுப்பிய பாட்டுக் கேட்கும் பெட்டி, குரலையும் பிடிக்கும்.

"நீங்க செல்ற கதைய இதுல புடிச்சுத் தாங்க. நான் நெட்டுல போடுறேன். பொட்காஸ்ட்னு செல்றாங்க. ரேடியோ மாதிரித்தான், ஆனா யாருக்கு எப்ப வேணுமோ அப்ப கேக்கலாம்."

"யாரு கேப்பாங்க தங்கச்சி?"

"முதல்ல நான் கேப்பேன்."

அந்தப் பதில் பேச்சியம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் பதிவைக் கேட்டுவிட்டு இஷ்ரா முகத்தைச் சுளித்தாள். கதைக்கு நடுவே ஒரு பிள்ளை அழுதது, ஒன்று தும்மியது, நாலைந்து சேர்ந்து உம் கொட்டின. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பிடித்தால் சுத்தமாக இருக்கும் என்றாள். பேச்சியம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் காம்பராவில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். நாலு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. எதிரே ஆள் இல்லாமல் முனி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றே தெரியவில்லை.

"எனக்கு உம் கொட்ட ஆள் வேணும். இல்லாட்டி வேணாம் விடுங்க" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

இஷ்ரா யோசித்தாள். அழுகையை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டாள். பெயரும் அவள் வைத்ததுதான்: பிள்ளைக் காம்பராக் கதைகள். முதல் கதை பதினொரு தடவை கேட்கப்பட்டிருந்தது. அதில் நாலு தடவை தானே கேட்டது என்று இஷ்ரா ஒப்புக்கொண்டாள். பிறகு நாற்பது ஆனது. கனடாவிலிருந்து யாரோ, தன் தகப்பனாருக்கு ஊர் கொத்மலை என்றும், ஓடை மாடன் கதையை அவர் வேறு மாதிரிச் சொல்வார் என்றும் எழுதினார்கள். அந்த வேறு மாதிரியையும் கேட்டு வாங்கிப் பேச்சியம்மா அடுத்த வாரமே சொன்னாள்.

வியாழக்கிழமைகளில் கதை பிடிப்பது, வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரு முறை ஏற்பட்டது. வியாழக்கிழமை காலையில் அவளுக்கு நல்ல சேலையாகத் தேடத் தோன்றும். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் உடுத்தினாள். தொழிற்சாலையில் வேலை செய்த அவள் கணவன் சிவசாமி அதைக் கவனித்தான். கண்ணாடியைத் துடைத்து ஆணியில் நேராக மாட்டி வைத்தான்.

ரோதைமுனி கதையில்தான் வம்பு வந்தது. முனியன் என்று ஒரு தொழிலாளி இருந்தான், வெள்ளைக்காரத் துரை காலத்தில் பெரிய சக்கரத்தில் அகப்பட்டுச் செத்தான், அதற்குப் பிறகு சக்கரம் ஓட மறுத்தது, சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் ஓடியது என்று பேச்சியம்மா சொல்லியிருந்தாள். அவள் மாமனார் சொன்ன கதை அது. கோயில் தலைவர் மாயாண்டியின் மகன் கொழும்பில் அதைக் கேட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டான்.

மாயாண்டி பிள்ளைக் காம்பராவுக்கு வந்தபோது மணி ஒன்று. பிள்ளைகள் எல்லாம் தூக்கம். பேச்சியம்மா உதட்டில் விரலை வைத்தாள். கோபத்தோடு வந்த மனிதர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, இரண்டு தொட்டிலுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ரகசியம் பேசுவது போலச் சண்டை பிடித்தார்.

"சாமிய மெசின்ல அகப்பட்ட ஆளுன்னு ஒலகத்துக்கே சொல்லிட்டியே தங்கச்சி. அது இந்தியாவுலேருந்து நம்ம ஆளுங்களோட கப்பல்ல வந்த சாமி. ஒரு புடி மண்ணுல வந்துச்சு."

"எங்க மாமா அப்படித்தாண்ணே சொன்னாரு."

"ஒங்க மாமாவுக்கு என்னா தெரியும். அவரு கவ்வாத்துக்காரரு. நான் ரோதைக்குப் பக்கத்துலயே முப்பது வருசம் நின்னவன்."

தொட்டிலில் ஒரு பிள்ளை நெளிந்தது. மாயாண்டி தன்னையறியாமல் கையை நீட்டி ஆட்டிவிட்டார். பேச்சியம்மா பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. நான் சொன்னது மாதிரியே இதையும் போடுவோம். கேக்குறவங்க ரெண்டையும் கேக்கட்டும்."

பிள்ளைகள் எழுந்ததும் மாயாண்டி சொன்னார். கப்பல், கடல், மன்னாரிலிருந்து காட்டு வழி நடந்தது, மடியில் முடிந்த மண் என்று நாற்பது நிமிடம் சொன்னார். முடிவில் தொண்டை கட்டிப்போயிற்று. அந்த வாரம் அதுவரை இல்லாத அளவுக்கு ஆட்கள் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வாரா வாரம் கடைக்குப் போய், எத்தனை பேர் என்று இஷ்ராவிடம் விசாரித்துவிட்டு வருவார். பேச்சியம்மாவின் கதைக்குச் சேர்ந்ததைவிடத் தன்னுடையதற்குக் கூடுதல் என்பதைத் தோட்டத்தில் எல்லோருக்கும் சொன்னார். பேச்சியம்மா அதை மறுக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கத்தில் காம்பராவில் செந்தூரன் என்று ஒரு பிள்ளை இருந்தான். மூன்றரை வயது. அவனுடைய அம்மா இராஜகுமாரி அவனுக்கு ஒன்றரை வயதில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அவனை அத்தை வளர்த்தாள். எந்தச் சாமி வந்தாலும் அவன் ஒரே கேள்விதான் கேட்பான்: "ஆயா, சாமி சாப்டுச்சா?" பேச்சியம்மாவும் கதையை நிறுத்திப் பதில் சொல்வாள். "இன்னும் இல்லடா செந்தூரா. மலை ஏறி வந்து சாப்புடும்."

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கடைக்குள் நுழைந்தபோது இஷ்ரா தொலைபேசியில் இருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, "பேச்சியக்கா வந்துட்டாங்க. அவங்களுக்கும் செல்லுங்க" என்றாள்.

சிப்னாஸ் சொன்னான். கடையில் வேலை செய்துகொண்டே அவன் கணினியில் கதையைப் போட்டுவிடுவது வழக்கம். நேற்று பின்னேரம் ஒரு பெண் சீட்டோடு ரொட்டியும் முட்டையும் வாங்க வந்தாள். முட்டைத் தட்டைக் கையில் வாங்கினாள். அந்த நேரத்தில் கதைக்குள் ஒரு பிள்ளை, சாமி சாப்பிட்டதா என்று கேட்க, பேச்சியம்மா செந்தூரா என்று பெயர் சொல்லிப் பதில் சொன்னாள். அந்தப் பெண் தட்டை மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"இது எந்த ஊருன்னு கேட்டாங்க. நான் இறம்பொடைன்னு சொன்னேன். தோட்டத்துப் பேரையும் அவங்களே சொல்லிட்டாங்க. மறுபடி போடச் சொன்னாங்க. மூணு தரம் போட்டேன். போன் எடுத்தா மகன் பேசவே மாட்டானாம் அக்கா, மூச்சு மட்டும்தான் கேக்குமாம். அவன் இவ்வளவு நீளமாப் பேசுவான்னே அவங்களுக்குத் தெரியாதாம்."

பேச்சியம்மா வாங்கில் உட்கார்ந்தாள். பிறகு, "அவ எப்ப எப்பக் கடைக்கு வருவா?" என்று கேட்டாள்.

"வியாழக்கெழமை பின்னேரம். அஞ்சு மணிக்கு."

"அப்ப அந்த நேரத்துக்கே கதையப் போட்டு வச்சிருங்க தம்பி."

காம்பராவில் அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்துப் பேசு என்று சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். கதைகளை மட்டும் கொஞ்சம் மாற்றினாள். எல்லாச் சாமிகளுக்கும் பசி வந்தது. முனி சண்டைக்குப் போகும் வழியில் கிழங்கு சுட்டார். மாடன் ஓடையில் மீன் பிடித்தார். சாப்பாடு வரும் இடத்தில் எல்லாம் அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். செந்தூரன் ஒவ்வொன்றையும் விசாரித்தான்: கிழங்கு வெந்ததா, முள் எடுத்தாங்களா, தங்கச்சிக்குக் குடுத்தாங்களா.

மாயாண்டி இதைக் கேட்டுவிட்டு, "ஏன் தங்கச்சி, ஒன் சாமிங்கெல்லாம் சாப்பாட்டு ராமனாவே இருக்கு" என்றார். அவரிடம் மட்டும் காரணத்தைச் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, ரோதைமுனிக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் என்று ஒரு தகவல் கொடுத்தார்.

சிப்னாஸின் கடைக்கு வியாழக்கிழமைகளில் மேலும் மூன்று பெண்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோரும் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பேச்சியம்மாவிடம் இல்லை. இருந்தும் நின்று கேட்டார்கள். அவர்களுக்காகப் பேச்சியம்மா அந்தந்தத் தோட்டத்துச் சாமிகளின் கதைகளைத் தேடிப் பிடித்தாள். பஸ் ஏறிப் போய், அங்குள்ள காம்பராக்களில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொன்னாள். அங்குள்ள ஆயாமாருக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள்.

இராஜகுமாரி இரண்டாயிரத்து ஒன்பது கார்த்திகையில் வந்து சேர்ந்தாள். செந்தூரன் அவளைக் கண்டதும் பேச்சியம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இழுத்தால் அழுதான். பேச்சியம்மாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இராஜகுமாரி அவனைத் தொடாமல், சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

"மாடன் அந்த மீன என்னா பண்ணுச்சு, பொரிச்சுச்சா, கொழம்பு வச்சுச்சா? எனக்கு மறந்து போச்சு" என்றாள் பொதுவாக.

முந்தானைக்குள்ளிருந்து, "பொரிச்சுச்சு" என்று பதில் வந்தது.

"எத்தன மீனு?"

அவன் வெளியே வந்து விரலை விரித்துக் காட்டினான். ஐந்து. ஐந்தாவது விரலுக்குப் பிறகு அவனுக்கு எண்ணத் தெரியாது. இராஜகுமாரி ஆறாவதைத் தன்னுடைய கையில் காட்டினாள். பேச்சியம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது இருவரும் இன்னும் மீன் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை இராஜகுமாரி தானே பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டுக் கிழவி பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு ஜின் கதை அவளுக்குத் தெரியும், அரபியில் கேட்டது. பாலைவனத்தில் தண்ணீர்க் கிணற்றைக் காக்கும் ஜின். சொல்லும்போது பாதியில் வார்த்தை கிடைக்காமல் தடுமாறினாள். மணல் மேட்டை மலை என்றும், ஒட்டகத்தைச் சில இடத்தில் மாடு என்றும் சொன்னாள். பிள்ளைகள் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் அதைக் கேட்ட இஷ்ரா சிரித்தாள். "எங்கட வீட்டுல இந்தக் கதை வேற மாதிரி. ஜின்னு கிணத்துல இல்ல, புளியமரத்துல."

பேச்சியம்மா வாங்கிலிருந்து எழவே இல்லை. பெட்டியை மேசையின் மேல் நகர்த்தி இஷ்ராவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கடைய யாரு பாக்குறது?" என்றாள் இஷ்ரா.

"நான் பாத்துக்கிறேன். கொப்பி எடுக்க மட்டும் தெரியாது."

இஷ்ரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமினாள். வெளியே நுவரெலியா போகும் பஸ் ஒன்று நின்று புறப்பட்டது. அது முடக்கில் திரும்பி, இரைச்சல் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.